துட்டு ஏறுமா, எறங்குமா? நிர்வாகிகளின் சம்பளத்தை ஆற்றோடு கட்டும் வழிகள், எண்ணூரிலிருந்து ஓர் ஒப்பீடு

போன ஞாயிறு எர்ணாவூரில் கூடினோம். மீனவ குப்பங்களிலிருந்து வந்தவர்கள், மணலியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள், என்னைப் போல ஆலையில் வேலை முடித்து வீட்டில் இருக்கிற மூன்று பேர். நம் வட்டாரத்து ஆலைகளின் நிர்வாகங்களுக்குக் கொடுக்கப்போகும் மனுவை வரி வரியாகப் படித்தோம். ஏழாவது வரி இது: "உயர் நிர்வாகிகளின் சம்பளம் சுற்றுச்சூழல், சமூக இலக்குகளோடு இணைக்கப்பட வேண்டும்." எழுதியது பி.காம். முடித்த ஒரு பொண்ணு. கேட்டதும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற ஓர் அக்கா மட்டும் கேட்டார்: "அத்தோட சேத்தா அவுங்களுக்குத் துட்டு ஏறுமா, எறங்குமா?"

பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. ஏனென்றால் இரண்டும் நடக்கும். எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். அடுத்த கூட்டத்தில் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

ஒரு நிர்வாக இயக்குநருக்கு வரும் பணம் பொதுவாக மூன்று பங்கு. மாதாமாதம் வரும் நிலையான சம்பளம் ஒன்று. வருஷ முடிவில் வேலையை எடைபோட்டுக் கொடுக்கும் போனஸ் இரண்டு. சில வருஷம் கழித்துக் கைக்கு வரும் கம்பெனிப் பங்குகள் மூன்று. 2013 கம்பெனிச் சட்டத்தின் 197ஆம் பிரிவு ஒரு நிர்வாக இயக்குநருக்கு நிகர லாபத்தில் 5 சதவீதம் என்று வரம்பு வைக்கிறது. பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட்டால் அதைத் தாண்டலாம். அரசு நிறுவனங்களுக்கு இந்த வரம்பே இல்லை. அங்கே கணக்கு வேறு மாதிரி, அதற்குப் பிறகு வருகிறேன். நாம் தொடப் பார்ப்பது முதல் பங்கை இல்லை, மற்ற இரண்டை.

வருஷ போனஸில் ஒரு துண்டு

உலகத்தில் அதிகம் புழங்குவது இந்த வழிதான். நூறு மதிப்பெண்ணில் எண்பதோ தொண்ணூறோ லாபத்துக்கும் விற்பனைக்கும், மிச்சம் பத்தோ இருபதோ சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும். ஆப்பிள் 2021இல் தன் நிர்வாகிகளின் போனஸை இந்த இலக்குகளுக்காக 10 சதவீதம் வரை ஏற்றவோ இறக்கவோ செய்யும் முறையைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் இன்ஃபோசிஸ் 2022இல் தன் தலைமைச் செயல் அதிகாரிக்கு வருஷத்துக்கு 34.75 கோடி ரூபாய் மதிப்பில் பங்குகளை வேலைத்திறனுக்காக ஒதுக்கியபோது, சுற்றுச்சூழல், சமூக இலக்குகளுக்கென்று தனியாக 2 கோடி ரூபாய் மதிப்பில் பங்குகளை வைத்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தாலே கண் எந்தப் பக்கம் போகும் என்று தெரிகிறது.

துண்டு சின்னது என்பதை ஒரு குறையாகச் சொல்லலாம். அதைப் பெரிதாக்கச் சொல்லிப் போராடவும் செய்யலாம். என்னை உறுத்துவது வேறு. இந்த முறையில் நல்லது செய்ததாகக் காட்டினால் பணம் கூடுகிறது. யாருக்குப் பணம் கூடுகிறதோ, அவருக்குக் கீழே இருக்கிறவர்களே அந்த எண்ணை எழுதுகிறார்கள்.

2010 ஏப்ரலில் மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்து 11 பேர் செத்தார்கள். மேடை ட்ரான்ஸ்ஓஷன் கம்பெனியுடையது. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி தன் பங்குதாரர்களுக்குக் கொடுத்த அறிக்கையில், தன் அளவுகோல்படி 2010தான் பாதுகாப்பில் இதுவரை இல்லாத நல்ல வருஷம் என்று எழுதி, நிர்வாகிகளுக்குப் பாதுகாப்பு போனஸும் கொடுத்தது. ஊர் உலகம் கொதித்த பிறகு அந்த போனஸ் பணத்தை இறந்தவர்களின் குடும்ப நிதிக்குத் தந்தார்கள். அவர்கள் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. சின்னச் சின்ன விபத்துகளின் எண்ணிக்கை அந்த வருஷம் குறைந்திருந்தது, அளவுகோல் அதைத்தான் எண்ணியது.

இதைப் படித்தபோது எனக்கு நான் வேலை பார்த்த ஆலையின் வாசல் ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை, "விபத்தில்லா நாட்கள்" என்று எழுதி, பக்கத்தில் மாட்டி எடுக்கிற தகர எண்கள். காலை ஷிப்ட் செக்யூரிட்டி வந்ததும் முதல் வேலையாக எண்ணை மாற்றுவார். வருஷம் முழுக்க விபத்து இல்லாவிட்டால் பிரிவுத் தலைவர்களுக்கு மதிப்பெண், எங்களுக்கு ஆளுக்கொரு ஸ்டீல் டிபன் கேரியர். ஒரு நைட் ஷிப்டில் கான்ட்ராக்ட் பையன் ஒருவன் ஸ்டீம் லைனில் வால்வைத் திருகும்போது ஆவி பீய்ச்சியடித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பதிவேட்டில் ஏறும் என்றார்கள். ஆட்டோ பிடித்தோம். திருவொற்றியூரில் ஒரு சின்ன கிளினிக். கூடப் போனது நான். வழியெல்லாம் அவன் கையைத் தூக்கிப் பிடித்தபடி "வேலை போயிடுமாண்ணே?" என்று அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தான். கேட் பாஸில் "வயிற்று வலி" என்று எழுதியிருந்தது. காலையில் பலகையில் ஒரு நாள் கூடியிருந்தது. வருஷ முடிவில் கேரியரும் வந்தது. நானும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

ஒரு டிபன் கேரியருக்கே எண் இப்படி வளைந்தது. கோடிக்கணக்கில் பணம் அதில் தொங்கினால் எவ்வளவு வளையும் என்று அந்தப் பொண்ணிடம் கேட்டேன். "அப்போ நல்லா அளந்துட்டா சரியாயிடுமில்ல பெரியப்பா?" என்றாள். கொஞ்சம் சரியாகும். அளப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதே போனஸை மேலிருந்து கடைசித் தொழிலாளி வரை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் காயம்பட்டவனை வாயை மூடச் சொல்வதற்குப் பக்கத்து ஆளுக்கும் காரணம் கிடைத்துவிடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பங்குகளாகக் கொடுத்து நாளாக்குவது

மூன்று, ஐந்து வருஷம் கழித்து இலக்கை எட்டினால்தான் பங்கு கைக்கு வரும் என்பது இரண்டாவது வழி. மாசு ஒரு வருஷத்துச் சங்கதி இல்லை என்பதால் இது முதல் வழியைவிடப் பொருத்தமாகத் தெரியும். ஷெல் கம்பெனி 2018 டிசம்பரில் கார்பன் குறைப்பு இலக்குகளை மேலதிகாரிகளின் சம்பளத்தோடு இணைக்கப்போவதாக அறிவித்தது. பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் அது ஒரு முன்னோட்டம். 2024இல் அதே கம்பெனி தன் 2030 இலக்கைத் தளர்த்தி, 2035க்கு வைத்திருந்த இலக்கைக் கைவிட்டது. சம்பளத்தைக் கட்டிய கம்பமே நகரக்கூடியது என்றால் கயிறு எவ்வளவு கனமாக இருந்து என்ன?

பங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 மே மாதம் ஆஸ்திரேலியாவில் ரியோ டின்டோ, இரும்புத் தாதுக்காக ஜூகன் கோர்ஜ் குகைகளைத் தகர்த்தது. 46,000 வருஷத்துக்கு முன்பே மனிதர் புழங்கிய, அந்த மண்ணின் பூர்வகுடிகள் புனிதமாக வைத்திருந்த இடம். கூச்சல் எழுந்ததும் தலைமை அதிகாரியின் போனஸில் சுமார் 27 லட்சம் பவுண்டை வெட்டினார்கள். பிறகு பதவியும் போனது. ஆனால் அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த மொத்தப் பணம் முந்தைய வருஷத்தைவிடக் கூடுதல், 72 லட்சம் பவுண்டு. பழைய பங்குகளின் விலை ஏறியிருந்தது. வெட்டியதை விலை நிரப்பிவிட்டது. 2021இல் பங்குதாரர்களில் 60 சதவீதத்துக்கு மேல் அந்தச் சம்பள அறிக்கையை எதிர்த்து வாக்களித்தார்கள். அது ஆலோசனை வாக்குதான், பணம் திரும்பவில்லை.

நம் பக்கத்துக்கு இந்த வழி அவ்வளவாக ஒட்டாது. கொசஸ்தலையாற்றின் கரையில் சாம்பல் குழாய் போட்டிருப்பது மாநில அரசின் மின் நிலையம். அதன் தலைமையில் பெரும்பாலும் உட்காருவது ஐஏஎஸ் அதிகாரி. அவருக்கு எந்தப் பங்கைக் கொடுப்பது?

பெரிய தப்பு நடந்தால் போனஸ் பூஜ்யம்

மூன்றாவது வழியில் நல்லது செய்ததற்கு மதிப்பெண் கிடையாது. ஆள் செத்தாலோ, எண்ணெய் ஆற்றில் இறங்கினாலோ, விஷவாயு ஊருக்குள் வந்தாலோ அந்த வருஷ போனஸ் முழுக்கப் போகும். லாபம் எவ்வளவு இருந்தாலும் சரி. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே கம்பெனியின் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் மாண்டபோது, இரண்டே நாளில் அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழு நிர்வாகிகளின் போனஸை நிறுத்திவைத்தது. அணை உடைந்த பிறகு எடுத்த முடிவு அது. நாம் கேட்பது, முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது.

என் மனசு முதலில் இந்தப் பக்கம்தான் சாய்ந்தது. 2023 டிசம்பர் 26 ராத்திரி, கடலுக்கடியில் கப்பலிலிருந்து உர ஆலைக்கு வரும் குழாயில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து ஜனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு இருட்டில் ஓடியது. பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்திருந்தது. என் அக்கா மகன் தன் ஃபைபர் படகைக் கவிழ்த்துப்போட்டு, அடிவயிற்றில் தார் போல அப்பியிருந்ததை டீசல் நனைத்த பனியன் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். நான்கு நாள் தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. கோலா மீன் வாசனை வர வேண்டிய கையில் கெரசின் வாசனை. இப்படி ஒரு மாதத்துக்குப் பிறகும் யாரோ ஒருவருக்கு வருஷ போனஸ் வருமானால், அந்தப் பணத்துக்கு என்ன பெயர் வைப்பது?

ஆனால் இந்த வழியிலும் இரண்டு ஓட்டை இருக்கிறது. முழுப் பணமும் ஒரே சம்பவத்தில் போகும் என்றால் மறைக்கும் ஆசை பச்சைப் பலகையைவிடப் பல மடங்கு பெருகும். இரண்டாவது, எங்கள் ஆற்றைக் கெடுத்ததில் பாதி சம்பவமே இல்லை. சாம்பல் குழாய் ஓட்டையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி, சேறு இறுகி, இறால் தங்கும் பள்ளம் தூர்ந்துபோனது. அதற்குத் தேதி கிடையாது. அந்த அக்கா சொல்வது போல, "முன்னாடி இடுப்பளவு இருந்த எடம் இப்போ கணுக்காலு." எந்த வருஷத்து போனஸை அதற்காக நிறுத்துவது?

பிடித்துவைத்துப் பிறகு கொடுப்பது

அங்கேதான் நான்காவது வழி வருகிறது. போனஸில் பெரும் பகுதியை அந்த வருஷம் கொடுக்காமல் பிடித்துவைப்பது. சில வருஷம் கழித்து, அவர் காலத்தில் நடந்த தப்பு எதுவும் வெளியே வரவில்லை என்றால் கொடுப்பது. வந்தால் பிடித்ததை ரத்து செய்வது, கொடுத்ததையும் திருப்பி வாங்குவது.

இது வெளிநாட்டுக் கனவு என்று யாரும் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் போட்ட விதி, 2020 ஏப்ரலிலிருந்து தனியார் வங்கித் தலைவர்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. அவர்களின் மொத்தச் சம்பளத்தில் குறைந்தது பாதி, வேலையைப் பொறுத்து மாறும் பகுதியாக இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் குறைந்தது 60 சதவீதத்தைக் குறைந்தது மூன்று வருஷத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். தப்பு வெளிப்பட்டால் ரத்து செய்யவும் திருப்பி வாங்கவும் ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும். கடன் வாராக்கடனாக மாறுவது இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும் என்பதால் இப்படி வைத்தார்கள். ஆற்றுச் சேறும் வாராக்கடன் மாதிரிதான் மெதுவாகத் தெரியவருகிறது.

கம்பெனிச் சட்டத்தின் 199ஆம் பிரிவையும் படித்தேன். மோசடியாலோ விதிமீறலாலோ கணக்கறிக்கையைத் திருத்தி எழுத வேண்டி வந்தால், நிர்வாக இயக்குநர் கூடுதலாக வாங்கிய பணத்தைக் கம்பெனி திருப்பி வாங்கியே ஆக வேண்டும். அவர் வேலையை விட்டுப் போயிருந்தாலும் வாங்க வேண்டும். கணக்குப் புத்தகத்துக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது, முகத்துவாரத்துக்கு இல்லை. மனுவில் இந்த வரியை நான் இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

நம் ஊருக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணம், நாற்காலியில் இருப்பவர்களின் காலம். அனல் மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு போட்டது. 2017 டிசம்பருக்குள் சாதனம் பொருத்தியிருக்க வேண்டும். கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் நடுவில் அதிகாரிகள் மாறினார்கள். வந்தவர் போனவரைக் காட்டுவார். பிடித்துவைத்த பணம் இருந்தால் போனவரும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பார்.

சம்பளத்தைத் தொடாமல் விடுவது

எங்கள் கூட்டத்தில் தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் கடுமையாகவே பேசினார். "அவன் போனஸு நமக்கெதுக்கு? அபராதம் போடு, ஆத்தத் தூரு வாரு, மாசு வாரியத்தக் கேள்வி கேளு. இந்தச் சம்பளப் பேச்சுல எறங்குனா கம்பெனி நம்மள அதுலயே சுத்த வுட்டுரும்." அவரோடு பாதி ஒத்துப்போகிறேன். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் லூசியன் பெப்சக்கும் ராபர்ட்டோ தல்லாரிட்டாவும் 2022இல் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் சம்பள அறிக்கைகளை ஆராய்ந்து கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள்: வெளியிலிருந்து சரிபார்க்க முடியாத இலக்குகள், அவற்றால் நன்மை மக்களைவிட நிர்வாகிகளுக்கே போகலாம்.

ஒத்துப்போகாத பாதி இது. அபராதத்தைக் கட்டுவது கம்பெனி. அரசுக் கம்பெனி என்றால் கடைசியில் அது நம் பணம். முடிவெடுத்தவரின் பையில் ஒரு ரூபாய் குறையாது. சமூகப் பொறுப்பு நிதி என்று மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் 135ஆம் பிரிவின்படி செலவழிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச், மருத்துவ முகாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்த தீங்குக்கு அது ஈடாகாது. ஆகவே அண்ணன் சொல்வது முதல் ஆறு வரிகளில் இருக்கட்டும், ஏழாவது வரி அவற்றுக்குப் பதிலாக வராமல் கூடவே வரட்டும் என்கிறேன்.

அளப்பது யார்

எந்த வழியானாலும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். முப்பது வருஷம் கருவிப் பிரிவில் இருந்தவன் என்பதால் இதில் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசுகிறேன். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களின் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலும் இடைவிடாது அளக்கும் கருவி வேண்டும் என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவு போட்டது. கருவிகள் வந்துவிட்டன. ஆனால் கருவியைப் பராமரிப்பில் போட்டால் அந்த நேரத்துக்கு அளவு வராது. மணலியில் காற்றளக்கும் நிலையம் இருக்கிறது. அங்கே எண் ஏறினாலும், அது எந்த ஆலையின் புகை என்று அந்த எண் சொல்லாது.

அதனால் நான் கேட்பது ஒரே ஒரு விதி: அளவு வராத மணி நேரத்தை வரம்பு மீறிய மணி நேரமாகவே எண்ண வேண்டும். கருவி பழுது என்ற சாக்கு அன்றைக்கே செத்துப்போகும். ஆற்று நீரையும் சேற்றையும் ஆலையின் ஆள் இல்லாமல், குப்பத்து ஆள் ஒருவர் கூட நிற்க, வெளி ஆய்வகம் எடுக்க வேண்டும்.

சமூக இலக்கிலும் இதே எச்சரிக்கை. பயிற்சி வகுப்பு எத்தனை, முகாம் எத்தனை என்று எண்ணுவது சுலபம். கான்ட்ராக்ட் தொழிலாளியின் கை வெந்ததை எண்ண வேண்டும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, அங்கே பட்டியலில் உள்ள முதல் 1,000 கம்பெனிகளுக்கு 2022-23இலிருந்து கட்டாயமாக்கிய பொறுப்பறிக்கையில் தொழிலாளர் சாவும் காயமும் தனியாகக் கேட்கப்படுகின்றன. அந்த எண்ணை இஎஸ்ஐ ஆஸ்பத்திரிப் பதிவோடும், அக்கம்பக்கத்து கிளினிக்குகளின் பதிவோடும் ஒத்துப்பார்க்கச் சொல்லுவோம்.

எதற்கு என் கை உயரும்

தனியார் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் நான்காவது வழி. போனஸில் 60 சதவீதத்தைப் பிடித்துவைக்க வேண்டும். மூன்று வருஷம் வங்கிக்குப் போதும். ஆற்றுக்கு ஐந்து கேட்போம். கூடவே மூன்றாவது வழியை ஒரே ஒரு திருத்தத்தோடு சேர்க்கலாம்: சம்பவத்தைத் தானாக 24 மணி நேரத்துக்குள் ஊருக்குச் சொன்னால் வெட்டு பாதி, மறைத்துப் பிடிபட்டால் முழுசும். மறைக்கிற ஆசையைக் குறைக்க இதைவிட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மத்திய அரசுக் கம்பெனிகளில் அமைச்சகத்தோடு வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டு, அதில் வாங்கும் தரத்தைப் பொறுத்து ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். 2017 விதிப்படி உன்னதம் என்றால் முழுசு, மோசம் என்றால் ஒன்றுமில்லை. சட்டத்தை மாற்றத் தேவையில்லை. ஆற்றில் எண்ணெய் இறங்கிய வருஷத்தில் அந்தக் கம்பெனிக்கு மேல் தரம் கிடையாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மாநில மின் நிலையத்துக்குச் சம்பள வழி எதுவும் செல்லாது. அங்கே அண்ணன் சொன்ன வழிதான், மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும்.

போனஸ் துண்டுக்கும் பங்குக்கும் என் கை உயராது. விஷம் விடாமல் இருந்ததற்கு ஒருவருக்குக் கூடுதல் பணம் தரச் சொல்லி எங்கள் கூட்டமைப்பு கையெழுத்துப் போடக் கூடாது.

இதையெல்லாம் வாசித்துக் காட்டியபோது அக்கா கேட்டார்: "சரி, எறங்குற துட்டு எங்க போவும்?" கம்பெனிக்கே திரும்பும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ஆற்றுக்கு வர வேண்டும் என்கிறார். கம்பெனியின் பணத்தை வெளி நிதிக்கு மாற்றச் சொல்ல நமக்குச் சட்டப்படி பிடி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுவரப் பொண்ணு போயிருக்கிறாள். மனுவில் ஏழாவது வரிக்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, அதே இடம்.